ஐம்பத்தெட்டு வெற்றிகளும் ஒரு கடைசித் துண்டும்

மானிட குலம் நெடுங்காலமாக விடை தேடிக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு, மினசோட்டா மாநிலத்து எல்ம் ரேபிட்ஸ் ஊரில், லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில், பிப்ரவரி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், நாற்பதே நிமிடத்தில் விடை காணப்பட்டது. கேள்வி இது: ஒருவன் சின்ன இடத்தில் பெற்ற வெற்றி பெரிய இடத்திலும் செல்லுமா? விடை: செல்லும். ஐந்து பேர் கொண்ட குழு ஒருமனதாக முடிவு செய்தது. நாற்பதில் பதினைந்து நிமிடம் காபிக்குப் போயிற்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சாதனையின் உயரம் விளங்கும்.

கல்லூரியில் கூட்ட அறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் நல்ல காபி தேவாலயத்து நிலவறையில்தான் கிடைக்கும். மகத்தான முடிவுகள் காபி இருக்கும் இடத்தில்தான் எடுக்கப்பட வேண்டும் என்பது எங்கள் ஊரின் எழுதப்படாத சட்டம்.

எழுதப்பட்ட சட்டங்கள் எல்லாம் ஆர்டிஸ் டோலெஃப்சன் அம்மாளின் கையெழுத்தில் இருந்தன. அறுபத்தாறு வயது. தேவாலயத்தின் லூட்டஃபிஸ்க் விருந்துக் குழுவுக்கு முப்பத்தோரு ஆண்டுகளாகச் செயலாளர். லூட்டஃபிஸ்க் என்பது காரநீரில் ஊறி ஊறித் தன் அடையாளத்தையே இழந்துவிட்ட மீன். அது யாருக்கும் பிடிக்காது. டிக்கெட் மட்டும் ஒரு வாரம் முன்பே தீர்ந்துவிடும். அந்த விருந்துக் குழுவின் கூட்டக் குறிப்புகளை ஆர்டிஸ் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு அழகாகப் படியெடுத்து வைப்பாள். முப்பத்தோரு ஆண்டுகளில் ஒருவர்கூட எழுந்து “இதில் ஒரு திருத்தம்” என்று சொன்னதில்லை. தோல்வியே காணாத குறிப்புகள்! ஆகவே கல்லூரி தன் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளரைத் தேடக் குழு அமைத்தபோது, மீன் குழுவில் வென்றவள் பந்துக் குழுவிலும் வெல்வாள் என்று ஐவரில் ஒருத்தியாக அவளைச் சேர்த்துச் செயலாளர் ஆக்கினார்கள். கேள்விக்கான விடை குழு கூடுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தேட வேண்டி வந்த காரணம் மிகவும் பெருமைக்குரியது. எங்கள் கல்லூரி அணிக்கு ‘நாரைகள்’ என்று பெயர். சின்ன லீகில் ஆடிக்கொண்டிருந்த நாரைகளைக் கல்லூரி அந்த ஆண்டு பெரிய லீகுக்கு உயர்த்தியது. நாரைகளிடம் யாரும் கேட்கவில்லை. பழைய பயிற்சியாளர் செய்தியைக் கேட்ட மறுநாளே, அரிசோனாவில் இருக்கும் தன் பேரப்பிள்ளைகள் மீது தனக்கு அளவு கடந்த பாசம் இருப்பதைக் கண்டுபிடித்துக் கிளம்பிவிட்டார்.

வந்த விண்ணப்பங்களில் ஒன்று பளபளத்தது. வின்ஸ் கராஃபா, நியூ ஜெர்சி. செயின்ட் ஆல்ட்ரிக் என்ற குட்டிக் கல்லூரியில் ஐந்து ஆண்டு. வெற்றி ஐம்பத்தெட்டு, தோல்வி இரண்டு. நேரில் பார்க்க வரவழைத்தார்கள். கட்டையாக, கழுத்தே இல்லாமல், புருவங்களால் பேசும் மனிதர். வந்து உட்கார்ந்ததும் ஆர்டிஸ், “காபி வேணுங்களா?” என்று கேட்டாள்.

“வேணும்” என்றார்.

ஆர்டிஸின் கை கெண்டியோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் காபி வேண்டுமா என்றால் முதல் தடவை “ஐயோ, வேண்டாம்” என்பார்கள். இரண்டாம் தடவை “உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்பார்கள். மூன்றாம் தடவை “போட்டு வெச்சது வீணாப் போகும்னா ஒரு அரைக் கப்” என்பார்கள். அப்புறம் மூன்று கப் குடிப்பார்கள். முதல் கேள்வியிலேயே ஒருவர் “வேணும்” என்றதை ஆர்டிஸ் கேட்டதே இல்லை. பிரயாணக் களைப்பு என்று மன்னித்துக் காபியை ஊற்றினாள். பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

விளையாட்டுத் துறை இயக்குநர் கர்ட் நைகார்ட் தொண்டையைச் செருமினார். அவர்தான் குழுத் தலைவர்.

“கோச், ஐம்பத்தெட்டு ஜெயிச்சு ரெண்டே ரெண்டு தோத்திருக்கீங்க. இது எப்படிங்க முடிஞ்சுது?”

“டுடெக் பசங்க.”

“யாரு?”

“டுடெக் அண்ணன் தம்பிங்க. மொத்தம் அஞ்சு பேரு. அப்பா பன்றிக்கறிக் கடை வெச்சிருக்காரு. ஒவ்வொருத்தனும் நூத்தம்பது கிலோ. எந்த வருஷம் பார்த்தாலும் மூணு டுடெக்காவது காலேஜ்ல இருப்பானுங்க. மூணு பேரையும் முன்வரிசைல நிக்க வெச்சேன். பின்னாடி ஒருத்தன் பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தான். ஓடக்கூட இல்ல. அவ்ளோதான் என் வித்தை.”

“இப்ப அந்த அஞ்சு பேரும்?”

“படிச்சு முடிச்சுட்டானுங்க.”

“ஆறாவது தம்பி இல்லையா?” இதைக் கேட்டவர் ஆரின் லைஸ்டாட், விதை வியாபாரி. நாரைகளின் ஆட்டம் ஒன்றையும் முப்பது வருடமாகத் தவறவிடாதவர்.

“ஆறாவது பொண்ணு. அதனாலதான் நான் வேற வேலை தேடுறேன்.”

குழு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. என்ன நகைச்சுவை! என்ன தன்னடக்கம்! வின்ஸ் சிரிக்கவில்லை என்பதை ஆர்டிஸ் மட்டும் கவனித்தாள். கவனித்ததைச் சுருக்கெழுத்தில் எழுதியும் வைத்தாள்: *அவர் சிரிக்கவில்லை.*

“எதிர்ல ஆடினவங்க எப்படி?” என்றார் கர்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“ஒண்ணு பாதிரியாருக்குப் படிக்கிற பசங்க காலேஜ். நாம இடிச்சு அவங்க விழுந்தா, அவங்களே மன்னிப்புக் கேப்பாங்க. ஒண்ணு சங்கீதக் காலேஜ். விரல் போயிடும்னு பந்தைத் தொடவே மாட்டாங்க. இன்னொண்ணு மருந்து கலக்கப் படிக்கிறவங்க. பரீட்சை வந்தா ஒன்பது பேர்தான் வருவாங்க.”

“அந்த ரெண்டு தோல்வி?”

“டுடெக் வீட்டுல ஒரு கல்யாணம். அதுக்கு ஒண்ணு. அதே கல்யாணத்தோட மறுநாள் விருந்துக்கு ஒண்ணு.”

“எங்க புது லீக்ல என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?”

“அடி வாங்குவோம். நல்லா வாங்குவோம்.”

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் பொருள் தெரிய வேண்டுமானால் எங்கள் ஊரின் மொழியில் பத்து வருடமாவது ஊறியிருக்க வேண்டும். ஆர்டிஸின் கணவர் மைலோ, மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, “வேற யாரும் மனு போடல போல” என்றார். ஆரினின் தானியக் கிடங்கு எரிந்து சாம்பலானபோது, “கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்துச்சு” என்றார் ஆரின். எங்கள் ஊரில் ‘மோசமில்லை’ என்றால் பிரமாதம். ‘ஏதோ இருக்கு’ என்றால் உலகத்தரம். தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்கிறவனைச் சாமான் விற்க வந்தவன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவோம். இந்த மாற்று விகிதப்படி ‘நல்லா அடி வாங்குவோம்’ என்பதன் மதிப்பு என்ன? குறைந்தபட்சம் லீக் கோப்பை. ஆரின் மனத்துக்குள் கோப்பையைக் கல்லூரி வாசலில் வைப்பதா, நூலகத்தில் வைப்பதா என்றே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

“எங்களுக்கு நீங்கதான் வேணும்” என்றார் கர்ட்.

“நான் சரிப்பட மாட்டேன் சார்.”

முதல் மறுப்பு. குழுவுக்கு மிகுந்த திருப்தி.

“கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சுட்டேன். இந்த லீகுக்கு வேற மாதிரி ஆள் வேணும். நான் மூணு மலையை நிக்க வெச்சு ஜெயிச்சவன். மலை இல்லாம ஜெயிக்கத் தெரியுமான்னு எனக்கே தெரியாது.”

இரண்டாம் மறுப்பு. அதுவும் எவ்வளவு நயமாக! நியூ ஜெர்சியில் இப்படி ஒரு பண்பா?

“நீங்க வந்தா ரொம்ப சந்தோஷப்படுவோம்.”

வின்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “நான் இவ்ளோ சொல்லியும் நீங்க கேக்குறீங்க. சரி, வர்றேன். ஆனா பின்னாடி ‘சொல்லலையே’ன்னு சொல்லக் கூடாது.”

மூன்றாம் தடவை சம்மதம். இலக்கணம் பிசகவில்லை. கை குலுக்கினார்கள்.

அப்போது ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. மேசை மேல் தட்டில் ஆர்டிஸ் செய்துகொண்டு வந்த எலுமிச்சை பார் என்ற சதுர இனிப்பில் ஒரே ஒரு துண்டு மீதியிருந்தது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. முதலில் ஒருவர் அதைப் பாதியாக வெட்டிப் பாதி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. இப்படியே வெட்டி வெட்டி, எறும்புக்கும் போதாத ஒரு பொடி தட்டில் மிஞ்ச வேண்டும். அது தட்டுக்குச் சொந்தக்காரியோடு வீடு திரும்ப வேண்டும். வின்ஸ் எழுந்தார். கத்தி தட்டின் பக்கத்திலேயே இருந்தது. அவர் அந்தக் கடைசித் துண்டை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “நல்லா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரின் இருமினார். ஆர்டிஸின் பென்சில் பழக்க தோஷத்தால் கடைசித் துண்டு போனதையும் எழுதிவிட்டது.

அன்று இரண்டு பக்கச் சுருக்கெழுத்தைப் படியெடுக்க உட்கார்ந்தபோது ஆர்டிஸ் மிகவும் யோசித்தாள். பன்றிக்கறிக் கடை, கல்யாண விருந்து, ஆறாவது பெண் எல்லாம் கல்லூரியின் தோல் அட்டைப் பதிவேட்டுக்குப் பொருத்தமாக இருக்குமா? எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கினாள்: ‘தமது மாபெரும் வெற்றிகளைப் பற்றி விண்ணப்பதாரர் பேசிய அடக்கம் குழுவின் நெஞ்சைத் தொட்டது.’ யாரும் திருத்தம் சொல்லவில்லை. முப்பத்திரண்டாம் ஆண்டும் வெற்றி!

வின்ஸும் அவர் மனைவி டோனாவும் ஆர்டிஸ் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் குடியேறினார்கள். ஆர்டிஸின் சமையலறைத் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல் உண்டு. அவள் பாத்திரம் கழுவும் நேரம் அந்த ஆண்டு வெகுவாகக் கூடிற்று.

செப்டம்பரில் முதல் ஆட்டம். ஐம்பத்திரண்டுக்கு மூன்று. ஐம்பத்திரண்டு அவர்கள், மூன்று நாங்கள். அந்த மூன்றும் காலால் உதைத்து வந்தது. கையில் வைத்துக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்த தேசத்தில், காலை நம்பிப் பிழைத்தது நாங்கள் மட்டும்தான்.

“அந்த மூணு எனக்கு நம்பிக்கை குடுக்குது” என்றார் ஆரின்.

இரண்டாம் ஆட்டம் நாற்பத்தெட்டுக்குப் பூஜ்யம். “ஐம்பதுக்குள்ள நிறுத்திட்டாங்க பாருங்க” என்றார் கர்ட். மூன்றாவதில் எங்கள் பையன் ஒருவன் பந்தை வாங்கிக்கொண்டு அற்புதமாக ஓடினான், திசைதான் தவறு. பத்து ஆட்டம் ஆடி, பத்தும் தோல்வி. பதினோராவது, எதிரணியின் பேருந்து பனியில் சிக்கியதால் ரத்தாயிற்று. ஊர் அதை ஓரளவுக்கு வெற்றியாகவே கொண்டாடியது.

பயிற்சியாளர் தோற்றால் அவர் வீட்டுப் புல்தரையில் ‘விற்பனைக்கு’ என்ற பலகையை நட்டு வைப்பது இந்தத் தேசத்தின் பழக்கம். ‘கிளம்பு’ என்று பொருள். மற்ற ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாக நட்டு, கூடவே முட்டையும் எறிவார்கள். எங்களுக்கு அந்த அநாகரிகம் தெரியாது. நாலாவது தோல்விக்குப் பிறகு முதல் பலகை வந்தது. புல் சேதமாகாதபடி ஓரமாக. ஏழாவதற்குப் பிறகு இன்னொன்று. நவம்பரில் பனி விழுந்த பிறகு வந்தவற்றை நட்டவர்கள், வந்ததோடு வந்ததாக வாசல் பனியையும் வாரிவிட்டுப் போயிருந்தார்கள். ஐந்தாவது பலகையில் ஒரு சின்ன அட்டை கட்டியிருந்தது: ‘அவசரமில்லை. உங்களுக்குச் சௌகரியப்படும்போது.’

யார் நட்டது என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பதில் தெரிந்துவிடும் என்ற பயம்தான்.

ஆட்டப் பருவம் முடிந்ததும் கர்ட் வின்ஸுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ‘தங்களது முந்தைய வெற்றிகளைப் பற்றிக் குழுவுக்கு மிகையான எண்ணத்தை ஏற்படுத்தியது தொடர்பாக’ வியாழக்கிழமை குழு கூடும் என்று. அதாவது, வின்ஸ் பெருமையடித்து ஏமாற்றினார் என்பது குற்றச்சாட்டு. வேலை போவது ஒரு விஷயமே இல்லை. பயிற்சியாளர்களுக்கு அது பருவகாலம் மாதிரி. ஆனால் புளுகி வேலை வாங்கியவர் என்று பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் எந்தக் கல்லூரியும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடக்கூட அவரை அழைக்காது.

புதன்கிழமை காலை, ஐந்து பலகைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வின்ஸ் ஆர்டிஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். மைலோ திறந்தார்.

“விக்க வந்தீங்களா?” என்றார் மைலோ.

“ஓனரைத் தேடிட்டு இருக்கேன்” என்றார் வின்ஸ். பலகைகளைச் சமையலறைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தார்.

“காபி?” என்றாள் ஆர்டிஸ்.

“குடுங்க.” ஒன்பது மாதமாகியும் அந்த முதல் சம்மதம் ஆர்டிஸைத் தூக்கிவாரிப் போடத்தான் செய்தது. ஊற்றினாள்.

“ஆர்டிஸம்மா, நான் அன்னிக்கு என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். நாப்பது நிமிஷமும் பென்சிலை எடுக்காம எழுதினீங்க. நாளைக்கு அதைப் படிங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“குறிப்புல எழுதியிருக்கேனே கோச். நீங்க அடக்கமாப் பேசினீங்கன்னு.”

“அடக்கமா? நானா?” வின்ஸின் புருவங்கள் நெற்றி உச்சிக்கு ஏறின. “டோனா கேட்டா சிரிச்சே செத்துருவா. என் கல்யாணத்துல என்னைப் பத்தி நானே அரை மணி நேரம் பேசினவன் நான். ஏம்மா, எனக்குப் பெருமை பேசத் தெரியாதுன்னா நெனைச்சீங்க? பேசுறதுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் பேசல!”

ஆர்டிஸ் காபிக் கெண்டியைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

“புது லீக்ல என்ன ஆகும்னு நீங்க என்னைக் கேட்டீங்க” என்றார் வின்ஸ். “டுடெக் பசங்க இல்லாம அடி வாங்குவோம்னு சொன்னேன். அதுக்கு மேல எப்படித் தெளிவாச் சொல்றது? என்னைத் தோத்தவன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். பத்து தடவை தோத்தேன். பொய்யன்னு சொல்லாதீங்க.” எழுந்தார். பலகைகளை ஒரு பார்வை பார்த்தார். “ஒவ்வொண்ணும் எங்கிருந்து வந்துச்சுன்னு நிதானமாப் பார்த்தாத் தெரியுது. பின்பக்கத்தை யாரும் அழிக்கறதில்ல. அந்த அட்டைல கையெழுத்து என்ன அழகு பாத்தீங்களா? ஒரு பிசிறு இல்ல.”

பலகைகளை மறுபடி அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மைலோ கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்:

“உங்க அக்கா வீட்டை வித்தப்ப மிஞ்சின பலகை ஒண்ணு நம்ம கொட்டகைல இருந்துச்சே. காணோம்.”

“துரு பிடிச்சிருக்கும்” என்றாள் ஆர்டிஸ்.

“துரு பிடிச்சா தெருவைத் தாண்டிப் போகுமா?”

ஆர்டிஸ் இழுப்பறையைத் திறந்து அந்தச் சுருக்கெழுத்து நோட்டை எடுத்தாள். “இதைப் படிச்சா என்ன ஆகும் தெரியுமா? முப்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா என் குறிப்புல திருத்தம் வரும். அதுவும் நானே சொல்லி.”

“படிச்சா அஞ்சு பேரு முட்டாள். படிக்காட்டி ஒருத்தன் பொய்யன்” என்றார் மைலோ. “ஓட்டுப் போட்டா படிக்க வேணாம்னுதான் ஜெயிக்கும்.” தொப்பியை மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே வாரிய பனியை மறுபடி வாரப் போனார்.

வியாழக்கிழமை பிற்பகல் நிலவறையில் குழு கூடியது. புதிய தட்டில் புதிய பார்கள். வின்ஸ் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதில் உட்கார்ந்தால் யாருமே குற்றவாளி போலத்தான் தெரிவார்கள்.

கர்ட் வருத்தத்தோடு ஆரம்பித்தார். “கோச் மேல எங்களுக்குத் தனிப்பட்ட முறைல ஒண்ணும் இல்ல. ஆனா ஐம்பத்தெட்டு வெற்றிங்கிறதை அவர் எங்ககிட்ட வெச்ச விதம் இருக்கே... ஆர்டிஸ், அந்தக் குறிப்பை ஒரு தடவை படிங்க.”

ஆர்டிஸ் எழுந்தாள். தோல் அட்டைப் பதிவேட்டைத் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

“இதுல ஒரு திருத்தம்” என்றாள்.

அந்த வாக்கியம் அந்த நிலவறையில் அதற்கு முன் ஒலித்ததில்லை. அவள் வாசித்தாள். டுடெக் சகோதரர்கள் ஐவரும் வந்தார்கள். கறிக்கடை வந்தது. பாதிரியார் மாணவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஆறாவது பெண் பிறந்தாள். *குழு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.* அடி வாங்குவோம். நல்லா வாங்குவோம். நான் சரிப்பட மாட்டேன். பின்னாடி சொல்லலையேன்னு சொல்லக் கூடாது.

கர்டின் காது சிவந்தது. “சொன்னாரு, சரி. ஆனா அதை மனசார சொல்றாருன்னு நமக்கு எப்படித் தெரியும்? எல்லாரும்தான் அப்படிச் சொல்றாங்க. நான் இந்த வேலைக்கு வந்தப்ப ‘எனக்குத் தகுதி இல்ல’ன்னுதான் சொன்னேன்.”

“நாங்க நம்பல” என்றார் ஆரின் ஆறுதலாக.

“அதான் சொல்றேன்! அடக்கம்னுதானே யாரும் எடுத்துப்பாங்க?”

“இன்னும் ஒரு வரி இருக்கு” என்றாள் ஆர்டிஸ். கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். “‘தட்டில் கடைசி பார் ஒன்று இருந்தது. அவர் எடுத்துக்கொண்டார்.’”



“பாதியா?” என்றார் ஆரின் மெல்ல.

“முழுசா.”

“கத்தி...?”

“பக்கத்துலயே இருந்துச்சு.”

ஆரின் நாற்காலியில் சரிந்தார். கடைசித் துண்டை வெட்டாமல் முழுசாக எடுக்கிற ஒரு மனிதனுக்கு அடக்கம் என்பது இருக்கவே முடியாது என்பது, அங்கே இருந்த ஐந்து பேருக்கும் தாய்ப்பாலோடு புகட்டப்பட்ட பாடம். அடக்கம் இல்லாதவன் ‘அடி வாங்குவோம்’ என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். அது அவர்கள் கண் முன்னாலேயே நடந்திருந்தது. ஐந்து ஜோடிக் கண்கள். பட்டப்பகல்.

“நல்லா இருந்துச்சு” என்றார் வின்ஸ், மடக்கு நாற்காலியிலிருந்து. “அதான் எடுத்தேன்.”

குழு இப்போது தன் மேதைமையின் சிகரத்தைத் தொட்டது. பத்து நிமிட ஆலோசனைக்குப் பிறகு கர்ட் தீர்மானத்தைச் சொன்னார்: “எழுதிக்கோங்க ஆர்டிஸ். ‘கோச் கராஃபா பொய் சொல்லவில்லை. ஆயினும், இந்த வட்டாரத்துக்குப் பழக்கமில்லாத முறையில் உண்மையை உண்மையாகவே சொன்னதன் மூலம் குழு திசைதிருப்பப்பட்டது.’”

“முதல் வாக்கியத்தை எழுதிட்டேன்” என்றாள் ஆர்டிஸ். பென்சிலைக் கீழே வைத்தாள். கர்ட் இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு தடவை சொன்னார். பென்சில் எழுந்திருக்கவில்லை.

வின்ஸ் ஒரு பெருமூச்சு விட்டார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவர் தோள்கள் இறங்கின.

இனி விடைகொடுக்கும் சடங்குதான் பாக்கி. குற்றமில்லாதவரை நல்லபடியாக வழியனுப்ப வேண்டும். வெளியே ஆரினின் வண்டியில் ‘சென்று வருக’ என்று எழுதிய கேக் தயாராக இருந்தது. கர்ட் முகத்தில் கனிவை வரவழைத்துக்கொண்டு, முறைப்படி முதல் தடவை கேட்டார்:

“போனதெல்லாம் போகட்டும் கோச். நீங்க இன்னும் ஒரு வருஷம் இருந்தா எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்தான்.”

இதற்கு “ஐயோ, நான் எதுக்கு” என்று வர வேண்டும். மறுபடி வற்புறுத்த வேண்டும். மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை கண் கலங்கிக் கேக் வெட்ட வேண்டும்.

“சரி” என்றார் வின்ஸ்.

“சரின்னா...?”

“சரின்னா சரி. இருக்கேன். அடுத்த வருஷமும் அடி வாங்குவோம், இப்பவே சொல்லிட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் கம்மியா.” எழுந்து தட்டைப் பார்த்தார். ஒரு பார் மீதியிருந்தது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “ஆர்டிஸம்மா, எழுதிக்கிட்டீங்களா?”

“வார்த்தைக்கு வார்த்தை” என்றாள் ஆர்டிஸ். “பாரையும் சேர்த்து.”

மறுநாள் காலை ஆர்டிஸ் தொட்டியில் ஒரே ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டுப் புல்தரை வெறுமையாக, வெள்ளையாக இருந்தது. பிறகு பார்வை இந்தப் பக்கம் வந்தது. அவள் வீட்டு வாசலில், பனி வாரிய சதுரத்தில், புல்லுக்குச் சேதமில்லாமல் ஓரமாக, துருப்பிடித்த காலோடு அவள் அக்காவின் பலகை நின்றது. அட்டையும் அப்படியே இருந்தது. வின்ஸ் புதிதாக ஒரு எழுத்துகூட எழுதவில்லை. தேவைப்படவில்லை.

மைலோ வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “‘அவசரமில்லை. உங்களுக்குச் சௌகரியப்படும்போது.’ கையெழுத்து நல்லா இருக்கே.”

“மோசமில்ல” என்றாள் ஆர்டிஸ்.

டெலிபோன் அடித்தது. கர்ட் நைகார்டின் மனைவி. அவர்கள் வாசலிலும் ஒன்றாம். பின்பக்கம் விளையாட்டுத் துறையின் முத்திரையாம். அதை வைப்பதற்குள் ஆரின் கூப்பிட்டார். அவர் வீட்டுப் பலகையின் முதுகில் அவருடைய விதைக் கடை விளம்பரமே இருந்ததாம். இது எப்படி நடந்திருக்கும் என்று அவருக்கு விளங்கவே இல்லையாம். மற்ற இரண்டு பேர் வீட்டுச் செய்தியும் பத்து மணிக்குள் வந்து சேர்ந்தது.

“அஞ்சு பேர் வாசல்லயுமா?” என்றார் மைலோ.

ஆர்டிஸ் இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்.

“ஒருமனதாக.”